மாஸ்கோ அலுவலகத்துக்கு வாடகை கொடுப்பது யார்?

கேள்வி: "ஐயா, வணக்கம். எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் ஒன்றேகால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. இலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறோம். உரம், பறிக்கூலி போக மாதக் கடைசியில் கையில் நிற்பது சொற்பம். போன மாதக் கூட்டத்தில், தேயிலை விற்பனைக்காக துபாயிலும் மாஸ்கோவிலும் வாரியம் அலுவலகம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவற்றை நடத்தப் பணம் எங்கிருந்து வருகிறது? எங்கள் இலையில் பிடித்ததா? அதனால் இலை விலை கிலோவுக்கு ஒரு ரூபாயாவது கூடியிருக்கிறதா?"
- நீலகிரி மாவட்ட வாசகர்

பதில்: கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று விட்டிருப்பார். கோபிக்க இதில் ஒன்றுமில்லை. வாரியத்தின் பணம் என்பது, ஏதோ ஒரு வழியில், தேயிலை பறித்தவரின் பணமும் வரி கட்டியவரின் பணமும்தான்.

முதலில் பணக் கணக்கு. 2017 ஜூலைக்கு முன்பு வரை, 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின்படி, நாட்டில் உற்பத்தியாகும் ஒவ்வொரு கிலோ தேயிலைத்தூளுக்கும் பைசாக் கணக்கில் ஒரு செஸ் வசூலிக்கப்பட்டது. கட்டியது தொழிற்சாலை. ஆனால் தொழிற்சாலை தன் செலவு எதையும் தன் தலையில் வைத்துக்கொள்வதில்லை. அது இலை விலையில்தான் போய் முடியும். ஒரு கிலோ தூளுக்கு நான்கு முதல் நாலரை கிலோ பசுந்தேயிலை வேண்டும் என்பதால், விவசாயியின் கிலோவுக்கு விழுந்தது மிகச் சிறிய தொகை. ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த செஸ்ஸும் ஒழிக்கப்பட்டது. இப்போது வாரியம் மத்திய அரசின் வர்த்தக அமைச்சகம் ஒதுக்கும் பணத்தில் நடக்கிறது. ஆகவே இன்றைய தேதியில் மாஸ்கோ வாடகை வாசகரின் இலையிலிருந்து நேராகப் போகவில்லை. எல்லாருடைய வரியிலிருந்தும் போகிறது.

பிடித்தம் நின்றது நல்லதுதானே என்று தோன்றும். பாதி நல்லது. செஸ் இருந்தவரை, "எங்கள் காசு என்ன ஆயிற்று?" என்று கேட்கும் உரிமை உற்பத்தியாளருக்குத் தெளிவாக இருந்தது. இப்போது அதைக் கேட்பவரிடம், "உங்கள் காசு இதில் எங்கே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்க முடியும். செஸ் இருந்த காலத்திலும் பணம் நேராக வாரியத்துக்குப் போகவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பிறகு நாடாளுமன்ற ஒப்புதலோடு வாரியத்துக்கு வரும். பணம் கட்டியவருக்கும் செலவழித்தவருக்கும் இடையே நீண்ட தூரம்.

ஆரம்பத்தில் அந்தத் தூரம் இல்லை. தேயிலையை வெளிநாட்டில் விற்க ஒரு பொது நிதி வேண்டும் என்று கேட்டவர்கள் தோட்ட முதலாளிகளே. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்தியத் தேயிலைக்கு அரங்கு வைத்தார்கள். அமெரிக்கர்கள் அப்போது சீன, ஜப்பானியப் பச்சைத் தேயிலை குடித்தார்கள்; அவர்களைக் கறுப்புத் தேயிலைக்குத் திருப்புவதே நோக்கம். அதற்கு நன்கொடை வசூலித்தார்கள். சிலர் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. விளம்பரத்தால் விலை ஏறினால் கொடுக்காதவனுக்கும்தானே லாபம்? கிராமத்தில் பொதுக் கிணறு தூர்வார வசூல் செய்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். கடைசியில், எல்லாரிடமும் கட்டாயமாக வாங்கித் தாருங்கள் என்று அவர்களே அரசிடம் கேட்டு 1903-இல் தேயிலை செஸ் சட்டம் வந்தது.

விகிதம், ஏற்றுமதியாகும் ஒரு பவுண்டு தேயிலைக்குக் கால் பை. அந்தக் காலப் பை என்பது ரூபாயில் 192-இல் ஒரு பங்கு. அதாவது 768 பவுண்டு, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 350 கிலோ, ஏற்றுமதி செய்தால் ஒரு ரூபாய் செஸ். பெரிய சுமையில்லை. பணத்தைச் செலவழித்த குழுவில் பணம் கட்டிய துறையினரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள், பறித்த கூலிக்காரருக்கு அங்கே இடமில்லை என்பது வேறு கதை. ஆனால் அமைப்பு என்ற வகையில், கட்டியவனும் செலவழித்தவனும் ஒரே மேசையில் இருந்தார்கள்.

வெளிநாட்டுக்காரனைத் தேநீர் குடிக்க வைக்க ஏற்படுத்திய இந்தப் பணத்தின் மிகப் பெரிய வெற்றி வெளிநாட்டில் கிடைக்கவில்லை. 1930-களில் உலகச் சந்தை படுத்தது, தேயிலை தேங்கியது. அப்போது உள்நாட்டுப் பக்கம் திரும்பினார்கள். ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் தேநீர் போட்டுக் காட்டி, குடிக்கக் கொடுத்து, வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே போகிறது. மற்றதெல்லாம் உள்ளூர் டீக்கடையிலும் வீட்டு அடுப்பிலும் தீர்கிறது. வெளிநாட்டு அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போது இந்த விகிதத்தை மறக்கக் கூடாது. நீலகிரி விவசாயிக்கு மாஸ்கோ முக்கியம்தான், மதுரை அதைவிடக் குறைந்ததில்லை.

1935-இல் இந்தியா, இலங்கை, இன்றைய இந்தோனேசியா ஆகிய மூன்றும் சேர்ந்து லண்டனில் ஒரு பொது விளம்பர வாரியம் அமைத்தன. 'எந்த நாட்டுத் தேயிலையோ, தேநீர் குடியுங்கள்' என்ற வகை விளம்பரம். விடுதலைக்குப் பிறகு, 1950-களின் தொடக்கத்தில், இந்தியா அதிலிருந்து விலகிக்கொண்டது. பொதுவாகத் 'தேநீர் குடி' என்று சொல்வதற்குப் பணம் கொடுத்தால், குடிப்பவன் எந்த நாட்டுத் தேயிலையை வாங்குவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை அல்லவா? 1954-இல் இன்றைய தேயிலை வாரியம் வந்தது. லண்டன், மாஸ்கோ, துபாய் என்று அதன் வெளிநாட்டு அலுவலகங்கள் இயங்கின. லண்டனின் பெயர்பெற்ற தேயிலை ஏலம் 1998-இல் முடிந்துபோனது. அங்கிருந்த அலுவலகமும் பின்னர் மூடப்பட்டது. சந்தை இடம் மாறினால் அலுவலகமும் மாறத்தான் வேண்டும். மாறாமல் பெருமைக்காக வைத்திருந்தால்தான் தவறு.

பக்கத்து இலங்கை வேறு வழியில் போனது. அந்த நாட்டில் விளையும் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதி. வெளியே விற்காவிட்டால் நாட்டுக்கே சோறில்லை. 1932-இலேயே செஸ் வசூலித்து தேயிலைப் பிரசார வாரியம் அமைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் லண்டன் ரீஜண்ட் தெருவில் 'சிலோன் தேநீர் மையம்' திறந்தார்கள். மான்செஸ்டர், பர்மிங்ஹாம் நகரங்களிலும் அப்படி மையங்கள் வந்தன. அலுவலக மேசை போட்டு உட்காராமல், உணவகம் மாதிரி நடத்தினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் நல்ல தேநீர் குடித்துவிட்டு, 'இது சிலோன்' என்ற பெயரை மனதில் வாங்கிக்கொண்டு போனான். பின்னாளில் சிங்க முத்திரை வந்தது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொட்டலம் போட்டிருந்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். மலையகத் தமிழர் பறித்த இலை, அந்த முத்திரையோடு உலகக் கடைகளில் அடையாளம் பெற்றது. அந்தத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோருக்காகத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களே, இன்றைய டான்டீ, ஆரம்பிக்கப்பட்டன என்பது வாசகர்கள் அறிந்தது.

ஆனால் இலங்கையிலும் எல்லாம் சரியாக நடக்கவில்லை. 2010 முதல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 ரூபாய் 50 சதம் விளம்பரத்துக்கென்றே தனியாக வசூலித்தார்கள். நம் கணக்கில் போட்டால் ஒரு கிலோ பசுந்தேயிலைக்கு எண்பது சதம் அளவுக்கு வரும். அங்கே உற்பத்தியில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்களுடையது. பணம் சேர்ந்துகொண்டே போனது. எந்த விளம்பரத்துக்காக வசூலித்தார்களோ அந்த உலக அளவிலான விளம்பரம் மட்டும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. ஒப்பந்தப்புள்ளி, குழு, ஆட்சி மாற்றம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். துறையினர் கத்திக்கொண்டே இருந்தார்கள். பிடித்த பணம் பெட்டியில் இருந்தாலே வேலை நடந்துவிட்டது என்று நினைக்கும் நிர்வாகம் எந்த நாட்டிலும் உண்டு.

சரி, வெளிநாட்டு அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து என்ன செய்கிறார்? வாங்குவோர் பட்டியல் வைத்திருக்கிறார். துபாயில் ஆண்டுதோறும் நடக்கும் 'கல்ஃபுட்' மாதிரியான உணவுக் கண்காட்சிகளில் அரங்கு பிடித்து, நம் ஏற்றுமதியாளர்களை அழைத்து, மாதிரித் தேயிலையைச் சுவைக்கக் கொடுக்கிறார். அந்த நாட்டுச் சுங்கம், பூச்சிமருந்து எச்ச அளவு, பொட்டல விதி மாறினால் ஊருக்குத் தெரிவிக்கிறார். சரக்கு துறைமுகத்தில் நின்றால் ஓடுகிறார். துபாய்க்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஜெபல் அலியில் பல நாட்டுத் தேயிலையை இறக்கி, கலந்து, பொட்டலமிட்டு மறுபடி அனுப்பும் பெரிய மையம் 2005 முதல் இயங்குகிறது. அங்கே ஒருவர் இருந்தால் பத்து நாட்டு வியாபாரியைப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவில்தான் சிக்கல். வெளிநாட்டு நகரத்தில் அலுவலக வாடகை, அனுப்பிய அதிகாரிக்கு அந்நாட்டு விலைவாசிக்கேற்ற படி, குடியிருப்பு, பிள்ளைகள் படிப்பு, உள்ளூர் ஊழியர் சம்பளம். இவை முதலில் போகும். சந்தைக்குச் செலவழிக்க மிஞ்சுவது பிறகு. பட்ஜெட்டைக் குறைக்கும் ஆண்டில் வாடகையைக் குறைக்க முடியாது, விளம்பரத்தைத்தான் வெட்டுவார்கள். அப்புறம் அந்த அலுவலகம் வாடகை கட்டுவதற்காகவே திறந்திருக்கும். போகிறவருக்கு அந்த ஊர் மொழியும் வியாபாரிகளும் பழக ஒரு வருடம் ஆகும். நன்றாகப் பழகும்போது பதவிக்காலம் முடிந்து திரும்பிவிடுவார். வட்டாரத்துக்கு வரும் வேளாண் அலுவலர், பயிர் நிலவரம் பிடிபடும் நேரத்தில் மாற்றலாகிப் போவதை விவசாயிகள் பார்த்ததில்லையா? அதே கதைதான். ஊர் வேறு, செலவு கூடுதல்.

மாஸ்கோவை ஏன் விட முடியாது என்பதற்கு நீலகிரிக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. சோவியத் யூனியன் இருந்தவரை இந்தியத் தேயிலையின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அதுவே. வாங்கியது அரசு, பணம் ரூபாய்க் கணக்கில். தரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சரக்கு போனது. இரண்டு அரசுகள் பேசி முடிக்கும் வியாபாரத்தில் கடைக்காரரைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 1991-இல் அந்த நாடு உடைந்தது, ரூபாய் வியாபாரமும் முடிந்தது. வாங்குபவர் இப்போது தனி வியாபாரி. அவருக்கு விலையும் தரமும் பொட்டலமும் முக்கியம். அந்த இடத்தில் இலங்கைத் தேயிலை வேகமாகப் புகுந்தது. 1990-களின் இறுதியில் நீலகிரியில் இலை விலை சரிந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடியதற்கு இருந்த பல காரணங்களில் இதுவும் ஒன்று. அரசு வாங்கும் காலத்தில் அலுவலகம் சும்மா இருந்தாலும் விற்றது. தனியார் வாங்கும் காலத்தில் அலுவலகம் ஓடியாடினால்தான் விற்கும்.

ஓடியாடுவது என்றால் என்ன என்பதற்கு 2017 டிசம்பரில் நடந்ததைப் பார்க்கலாம். ரஷ்யாவுக்குப் போன இலங்கைத் தேயிலைச் சரக்கு ஒன்றில் ஒரு கப்ரா வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. தானியக் கிடங்கில் நெல்லையும் கோதுமையையும் மாவாக்குகிற அதே வண்டு. தேயிலையை அது தின்பதில்லை, பெட்டகத்தில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனாலும் ரஷ்யா அந்நாட்டுத் தேயிலை முழுவதையும் நிறுத்தியது. முக்கியச் சந்தை. இலங்கை உடனே குழு அனுப்பிப் பேசியது. அதே மாதத்துக்குள் தடை விலக்கப்பட்டது. இடையில் இலங்கை, ரஷ்யா விற்கும் ஆஸ்பெஸ்டாஸ் மீது கொண்டுவரவிருந்த தடையைத் தள்ளிவைத்தது என்பதையும் உலகம் கவனித்தது. வண்டு ஒரு சாக்கு என்று பலர் பேசிக்கொண்டார்கள். எப்படியோ, அந்த ஊர் நிலவரம் தெரிந்த ஆள் இல்லாத நாடு இப்படிப்பட்ட நேரத்தில் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நிற்கும்.

இப்போது வாசகரின் மூன்றாவது கேள்வி: கிலோவுக்கு ஒரு ரூபாயாவது கூடியதா? இத்தனை ரூபாய் மாஸ்கோவால் வந்தது என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கும் இல்லை. ஆனால் வழி எது என்று காட்டலாம். பசுந்தேயிலைக்கு மாதாமாதம் வாரியம் அறிவிக்கும் விலை, ஏலத்தில் தூள் விற்ற சராசரி விலையிலிருந்து, தொழிற்சாலைக்கும் விவசாயிக்கும் பங்கு பிரித்துக் கணக்கிடப்படுகிறது. குன்னூர் ஏலத்தில் உள்நாட்டு வியாபாரியோடு ஏற்றுமதியாளரும் போட்டி போட்டால் விலை ஏறும். அவர் வராவிட்டால் உள்நாட்டு வியாபாரி சொன்னதுதான் விலை. வெளிநாட்டு அலுவலகம் செய்யக்கூடியது, அந்த இரண்டாவது ஆளை ஏலத்துக்குக் கொண்டுவருவது. அதன் பலன் மெல்லிய நூலாகத்தான் இலைக்கு வந்து சேரும். அந்த நூல் நடுவில் அறுபடும் இடமும் உண்டு. சராசரி விலை என்பதால், இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கவனமாகப் பறித்தவருக்கும், முற்றிய இலையை அரிவாளால் அறுத்துக் கொட்டியவருக்கும் ஒரே மாதிரி கிடைத்தால், மாஸ்கோவில் எத்தனை அரங்கு போட்டும் பயனில்லை. தரம் பார்த்து விலை கொடுக்கும் தொழிற்சாலை இருந்தால் மட்டுமே வெளிநாட்டு வாடிக்கையாளரின் காசு நல்ல இலை பறித்தவர் கைக்கு வரும்.

இன்னொரு நூலும் உண்டு. அது எதிர்த் திசையில் ஓட வேண்டியது: செய்தி. அங்கே வாங்குபவர் எதை நிராகரித்தார், ஏன் நிராகரித்தார் என்பது தோட்டத்துக்கு வர வேண்டும். இதில்தான் பெரும்பாலும் தோற்கிறோம். தேயிலை அல்லாத உதாரணம் ஒன்று. 2013-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பழம், காய்கறிச் சரக்குகளில் 207 முறை பழ ஈ முதலிய பூச்சிகள் பிடிபட்டன. ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு உண்டு. 2014 மே மாதம் மாம்பழத்தோடு கத்தரி, பாகல், புடலை, சேப்பங்கிழங்கு வகைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது, காய்கறிகளுக்கு அதைவிடக் காலம் பிடித்தது. வெளிநாட்டில் ஆள் இல்லாததால் வந்த தடையல்ல இது. அத்தனை அறிவிப்புகளில் எத்தனை, பாகல் பந்தலுக்குக் கீழே நின்று மருந்தடித்தவர் காதில் விழுந்தன? ஐரோப்பாவில் தனி அளவு குறிக்கப்படாத மருந்துக்குப் பொதுவான எச்ச வரம்பு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதும் அப்படித்தான்: ஏற்றுமதியாளருக்குத் தெரியும், மருந்துக்கடையில் 'எது வேகமாகக் கேட்கும்' என்று கேட்டு வாங்குகிறவருக்குத் தெரியாது.

பணத்தையும் நிர்வாகத்தையும் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்கர்கள் செய்வதில் கவனிக்க ஒன்று உண்டு. அவர்களுடைய வேளாண்மைத் துறைக்கு வெளிநாட்டுத் தூதரகங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், டெல்லியிலும் இருக்கிறார்கள். இங்கே விளைச்சல், விலை, இறக்குமதி விதி எப்படி என்று அவர்கள் எழுதும் அறிக்கைகள் எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. விளம்பரத்துக்கென அவர்களுடைய அரசு வைத்திருக்கும் முக்கியத் திட்டத்தில் ஆண்டுக்கு 20 கோடி டாலர் பல காலமாக ஒதுக்கப்பட்டு வந்தது. அதை அரசு தானே செலவழிப்பதில்லை. பாதாம், ஆப்பிள், பருத்தி என்று அந்தந்தப் பயிர் அமைப்புகளுக்குக் கொடுக்கிறது, அவையும் தம் பங்கைப் போட வேண்டும். முதலில் செலவழித்துக் கணக்குக் காட்டினால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். கலிஃபோர்னியா பாதாம் வாரியத்தில் பத்து உறுப்பினரில் ஐந்து பேர் விவசாயிகள், ஐந்து பேர் பதப்படுத்துவோர். பவுண்டுக்குச் சில சென்ட் பிடித்தம். நம் ஊர் வீடுகளில் பாதாம் சாப்பிடும் பழக்கம் இவ்வளவு பரவியதில் அந்தச் சில்லறைக்குப் பங்குண்டு. இந்தியா இன்று அவர்களுடைய மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை. அங்கேயும் தப்பு நடந்தது. அரசுப் பணம் பெரிய பெரிய கம்பெனிகளின் விளம்பரத்துக்குப் போகிறது என்று கடும் விமர்சனம் எழுந்து, 1990-களின் பிற்பகுதியில், தனிப் பிராண்டுக்கான உதவி சிறு நிறுவனங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் மட்டும் என்று மாற்றினார்கள்.

நீலகிரிக்கு இதில் பொருந்துவது கடைசி வரி. 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளை வைத்திருக்கும் இன்கோசர்வ் மாதிரியான அமைப்பின் தூள், சிறு விவசாயிகளின் இலையிலிருந்து வருவது. வெளிநாட்டுக் கண்காட்சி அரங்கில் ஒரு மூலை அதற்கு உண்டா என்பது நியாயமான கேள்வி. அரசுப் பணத்தில் போடும் அரங்கில், சொந்தக் காசிலேயே போகக்கூடியவர்களே ஆண்டுதோறும் நின்றால், அந்தச் செலவைச் சிறு விவசாயியின் பெயரில் எழுதக் கூடாது.

வாசகர் இதை ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம், கேட்டே வாங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் அஞ்சல் ஆணையோடு தேயிலை வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். வாரியத்துக்குக் குன்னூரிலேயே அலுவலகம் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் விலை ஏறவில்லை?' என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. கேட்க வேண்டியவை இவை: கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு வெளிநாட்டு அலுவலகத்துக்கும் வாடகை, சம்பளம், படி எவ்வளவு, விளம்பரத்துக்கும் கண்காட்சிக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக. கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களில் கூட்டுறவுத் தொழிற்சாலைகள், சிறு விவசாயிகள் குழுக்கள் எத்தனை. நீலகிரித் தேயிலை குறித்து வெளிநாட்டிலிருந்து வந்த தரப் புகார்களின் நகல், அவை எந்தத் தேதியில் எந்தத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டன. தனியாளாக எழுதுவதைவிட, ஊர்ச் சங்கத்தில் பேசி ஒருவர் பெயரில் எழுதி, பதிலை எல்லாரும் சேர்ந்து படிப்பது மேல். தொழிற்சாலையின் பொதுக்குழுவில் மூன்றாவது கேள்வியை வாய்மொழியாகவும் கேட்கலாம். அதற்கு ரூபாய் வேண்டாம்.

கேள்வி: "எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் முருங்கை இலைப் பொடி தயாரிக்கிறோம். வளைகுடாவிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசி, மாதம் ஐந்து டன் வேண்டும் என்கிறார். அந்த நாட்டில் பதிவு செய்ய முதலில் நாங்கள் பணம் அனுப்ப வேண்டுமாம். நம்பலாமா?"
- கரூர் மாவட்ட வாசகர்

பதில்: பணம் அனுப்ப வேண்டாம். வாங்குபவர் விற்பவரிடம் முன்பணம் கேட்பது வியாபாரத்தின் தலைகீழ். மேலே சொன்ன வெளிநாட்டு அலுவலகங்களால் சிறியவர்களுக்கு நேரடியாகக் கிடைக்கும் உதவி ஒன்று உண்டென்றால் அது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு இந்தியத் தூதரகத்திலும் வணிகப் பிரிவு இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயர், முகவரி, அவர் அனுப்பிய வணிக உரிமத்தின் நகல் ஆகியவற்றை இணைத்து, இப்படி ஒரு நிறுவனம் அங்கே உண்மையில் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. பதில் தாமதமானால் இன்னொரு முறை எழுதுங்கள்.

ஆள் உண்மைதான் என்று தெரிந்தாலும் ஐந்து டன்னில் ஆரம்பிக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்திடம் ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய். முருங்கைப் பொருள்களுக்கு அபெடாவில் உறுப்பினர் பதிவு வேண்டும். பொடியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பூச்சிமருந்து எச்சம், நுண்ணுயிர் அளவு இரண்டுக்கும் சோதித்து அறிக்கை கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சரக்கைச் சிறியதாக, வங்கி வழியாகப் பணம் உறுதியான பிறகு அனுப்புங்கள். கடனுக்கு அனுப்பும் நிலை வந்தால், ஏற்றுமதிக் கடன் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யிடம் அந்த வாங்குபவரின் நாணயம் எப்படி என்று விசாரித்து, காப்பீடு எடுத்த பிறகே மூட்டையை லாரியில் ஏற்றுங்கள்.